செயின்ட் ஜோசப்ஸா, அசீம் பிரேம்ஜியா? பெங்களூரில் தாராளக் கலைக் கல்வியைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல கல்லூரிக்கும் மோசமான கல்லூரிக்கும் இடையே தேர்ந்தெடுப்பதற்கு எந்தக் குடும்பத்துக்கும் அறிவுரை தேவைப்படுவதில்லை. ஊரார் மதிக்கும் இரண்டு கல்லூரிகளில் ஒரே நேரத்தில் இடம் கிடைத்துவிடும்போதுதான், அதுவரை கைகொடுத்த அளவுகோல்கள் எல்லாம் பயனற்றுப் போகின்றன. பெங்களூரில் பி.யூ.சி. எனப்படும் புகுமுக வகுப்பை முடித்துவிட்டு, பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ செல்லாமல், வரலாற்றையோ பொருளியலையோ இயற்பியலையோ ஊன்றிப் படிக்க விரும்பும் மாணவர் முன் அத்தகைய இரண்டு வாசல்கள் இன்று திறந்திருக்கின்றன. ஒன்று, நகரின் நடுவே லாங்ஃபோர்டு சாலையில், 1882ஆம் ஆண்டிலிருந்து தொடரும் மரபோடு நிற்கும் செயின்ட் ஜோசப்ஸ் பல்கலைக்கழகம். மற்றது, நகரின் தென்கிழக்கு விளிம்பைத் தாண்டிச் சர்ஜாபுரத்தில் அமைந்திருக்கும், 2010ஆம் ஆண்டில் கர்நாடகச் சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் பிறந்த அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் குடும்பம் எதை வைத்து முடிவெடுக்க வேண்டும் என்பதே இச்சொற்பொழிவின் பொருள். ஒரு சாதாரண வாரத்தில், திங்கள் முதல் சனி வரை, மாணவரை அக்கல்லூரி என்னென்ன வேலை செய்ய வைக்கிறது என்பதை வைத்தே முடிவெடுக்க வேண்டும் என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து.

'லிபரல் ஆர்ட்ஸ்' என்று பரவலாக அழைக்கப்படுவதும் தமிழில் தாராளக் கலைகள் என்று எழுதப்படுவதுமான இக்கல்விமுறை, எந்த ஒரு தொழிலுக்கும் நேரடியாகப் பயிற்றுவிக்காமல், ஒரு துறையில் ஆழத்தையும் பல துறைகளில் பழக்கத்தையும் சேர்த்துத் தந்து, சான்றுகளை எடைபோடவும், தெளிவாக எழுதவும், மாறுபட்ட கருத்துடையவரோடு முறையாக வாதிடவும் மாணவரைப் பழக்குவதாகும். தமிழில் கலைக் கல்லூரி என்றாலே அறிவியல் இல்லாத இடம் என்ற எண்ணம் பலருக்கு எழுவதால், இதில் இயற்பியலும் கணிதமும் உயிரியலும் முழு உரிமையோடு இடம்பெறுகின்றன என்பதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. ஐரோப்பிய இடைக்காலப் பல்கலைக்கழகங்கள் பயிற்றுவித்த ஏழு கலைகளில் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை ஆகிய மூன்றோடு எண்கணிதம், வடிவியல், வானியல், இசை ஆகிய நான்கும் சமமாகவே சேர்க்கப்பட்டிருந்தன.

இம்முறை சிறு கல்லூரிகளின் வடிவில் வேரூன்றியது அமெரிக்காவில்தான். மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1793இல் தொடங்கிய வில்லியம்ஸ் கல்லூரியின் தலைவராக இருந்த செஃபனையா ஸ்விஃப்ட் மூர், அக்கல்லூரி மிகவும் ஒதுக்குப்புறமாக இருக்கிறது என்று கருதி மாணவர் சிலரோடு வெளியேறியதன் விளைவாக, 1821இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரி எழுந்தது. இன்று இரண்டும் ஏறத்தாழச் சமமாக மதிக்கப்படுகின்றன. ஆனால் ஆம்ஹர்ஸ்டில் முதலாண்டுக் கருத்தரங்கு ஒன்றையும் முதன்மைப் பாடத்துக்கு உரியவற்றையும் தவிர வேறு கட்டாயப் பாடம் கிடையாது. வில்லியம்ஸோ, இரண்டே மாணவர்கள் ஓர் ஆசிரியர் முன் அமர்ந்து, ஒருவர் தம் கட்டுரையை முன்வைக்க மற்றவர் அதைத் திறனாய்ந்து பேசும் வகுப்புகளுக்குப் பெயர்பெற்றது. தன் பாதையைத் தானே வகுத்துக்கொள்ளும் துணிவுள்ள மாணவருக்கு முதலாவதும், வாரந்தோறும் ஒருவர் கேள்வி கேட்டால்தான் வேலை நடக்கும் என்ற இயல்புள்ளவருக்கு இரண்டாவதும் பொருந்தும். அந்த மரபு தமிழர்களுக்கு அந்நியமானதும் அன்று. மதுரையில் அமெரிக்க மிஷனரிகளின் முயற்சியால் உருவான அமெரிக்கன் கல்லூரியும் (1881) லேடி டோக் கல்லூரியும் (1948) ஓஹையோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியோடு நெடுங்காலமாக ஆசிரியப் பரிமாற்ற உறவு கொண்டவை.

பெங்களூருக்கோ இதில் தனக்கேயுரிய ஒரு மரபு இருக்கிறது. அதை அறியாமல் செயின்ட் ஜோசப்ஸ் என்ன தருகிறது என்பதைப் புரிந்துகொள்ள இயலாது. 1858இல் பள்ளியாகத் தொடங்கிப் பின்னர் சென்ட்ரல் காலேஜ் ஆக வளர்ந்த நிறுவனம், தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி இளங்கலைப் பட்டம் பெற்றது இக்கல்லூரியில்தான். பிறகுதான் சட்டம் பயிலச் சென்னை மாநிலக் கல்லூரிக்குச் சென்றார். 1928 மார்ச் 16 அன்று சர் சி.வி. ராமன் தம் பெயரால் இன்று அறியப்படும் விளைவைப் பற்றி அறிவியலாளர் அவையில் உரையாற்றியதும் அங்கேதான். 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும் 1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகமும் தோன்றிய பிறகு, இந்நகரத்து இளங்கலைப் படிப்பு சென்னையின் வழியிலிருந்து விலகி வேறொரு வடிவம் பெற்றது. சென்னையில் பட்டம் படித்த எவருக்கும் 'மெயின்' என்பதும் 'அல்லைடு' என்பதும் பழக்கமான சொற்கள். அதாவது, முதலாண்டிலிருந்தே ஒரு பாடம் முதன்மையாக நிற்க, வேறு ஓரிரு பாடங்கள் துணையாக வந்து இடையிலேயே முடிந்துவிடும். பெங்களூரிலோ மாணவர் சேரும்போது கேட்கப்படும் முதல் கேள்வி 'என்ன காம்பினேஷன்?' என்பதே. வரலாறு, பொருளியல், அரசியல் ஆகிய மூன்றையும் சேர்த்து எச்.இ.பி. என்றும், இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் பி.சி.எம். என்றும், வேதியியல், தாவரவியல், விலங்கியல் மூன்றையும் சி.பி.இசட். என்றும் சுருக்கிச் சொல்லும் வழக்கம், மூன்று பாடங்களும் சமமான எடையோடு பயிலப்படும் ஏற்பாட்டிலிருந்து பிறந்தது.

இந்த மும்மைப் பாட முறைக்குக் கல்வியாளரிடையே கிடைக்க வேண்டிய மதிப்பு கிடைக்கவில்லை. பதினெட்டு வயதில் ஒருவருக்கு வரலாறு பிடிக்குமா, பொருளியல் பிடிக்குமா என்பது உண்மையில் தெரிவதில்லை. பள்ளிப் பாடநூல் காட்டிய வரலாறும் கல்லூரி காட்டும் வரலாறும் வெவ்வேறு பொருள்கள் என்பதால், இரண்டையும் கல்லூரி அளவில் படித்துப் பார்த்த பிறகே விருப்பம் உறுதியாகிறது. மூன்று பாடங்களைச் சமமாகப் படிப்பவர் முடிவெடுக்கும் முன் மூன்றையும் சோதித்துவிடுகிறார். இதன் குறையும் வெளிப்படையானது: எந்த ஒரு பாடத்துக்கும் போதிய நேரம் கிடைக்காமல், மூன்றிலும் தேர்வுக்குத் தேவையான அளவே படித்து முடித்துவிடும் அபாயம் உண்டு, முதுகலைக்குச் செல்லும்போது, ஒரே பாடத்தை மூன்றாண்டும் படித்துவந்த சென்னை மாணவரைவிட அப்பாடத்தில் சற்றுப் பின்தங்கியிருப்பதை இவர்கள் தொடக்கத்திலேயே உணர்வார்கள். மூன்றையும் இணைத்துப் பார்க்கும் கேள்விகளை ஆசிரியர் எழுப்பினால் இம்முறை தாராளக் கலைக் கல்வியாகிறது. எழுப்பாவிட்டால் மூன்று தனித்தனிப் பாடங்களாகவே முடிந்துவிடுகிறது.

செயின்ட் ஜோசப்ஸ் இந்த மரபின் நடுவில் வளர்ந்தது. பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபையைச் சேர்ந்த பாதிரியார்கள் 1882இல் நிறுவிய இந்நிறுவனம், 1937இல் இயேசு சபையாரின் பொறுப்புக்கு வந்தது. சென்னை, மைசூர், பெங்களூர் என்று மூன்று பல்கலைக்கழகங்களின் கீழ் இயங்கிய பிறகு, 2005இல் தன்னாட்சி பெற்றது. தன்னாட்சி என்பது, பட்டத்தைத் தாய்ப் பல்கலைக்கழகமே வழங்க, பாடத்திட்டம் வகுப்பதையும் தேர்வு நடத்துவதையும் கல்லூரியின் கையில் விடுவதாகும்; தமிழ்நாட்டில் 1978இலேயே சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்கும் லயோலா கல்லூரிக்கும் கிடைத்த இவ்வுரிமை, பெங்களூருக்குத் தாமதமாகத்தான் வந்தது. 2021ஆம் ஆண்டின் தனிச் சட்டத்தைத் தொடர்ந்து, 2022 செப்டம்பர் 27 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதைப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிவைத்தார். இப்போது பாடத்திட்டம், தேர்வு, பட்டம் ஆகிய மூன்றும் அதன் பொறுப்பே.

அங்கே சேரும் மாணவருக்குக் கிடைக்கும் இன்னொரு ஆசிரியர் பெங்களூர் நகரம். லால்பாக் அருகில் இருக்கிறது. கப்பன் பூங்காவின் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் இயங்கும் மாநில மத்திய நூலகமும், கஸ்தூர்பா சாலையின் அரசு அருங்காட்சியகமும், அரண்மனைச் சாலையின் தேசிய நவீனக் கலைக்கூடமும் ஒரு பிற்பகலில் போய்வரக்கூடிய தொலைவில் உள்ளன. சிவாஜி நகர், அல்சூர், ஸ்ரீராமபுரம் போன்ற பகுதிகளிலிருந்து பேருந்தில் வந்துபோகும் தமிழ் மாணவர், வீட்டுப் பொறுப்புகளையும் படிப்பையும் சேர்த்துச் சுமக்க முடிவது இந்த அமைவிடத்தால்தான். பல தமிழ்க் குடும்பங்களில் மூத்த பிள்ளைக்கு இது ஒரு சிறு விஷயம் அன்று.

சர்ஜாபுரத்தின் கதை முற்றிலும் வேறானது. 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, அரசுப் பள்ளிகளின் மேம்பாட்டுக்காக உழைத்துவந்த அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை, கல்வித் துறைக்கும் சமூக வளர்ச்சித் துறைக்கும் பயிற்சி பெற்றவர்கள் போதவில்லை என்று கண்டு நிறுவிய பல்கலைக்கழகம் இது. முதலில் முதுகலைப் படிப்புகளே நடந்தன, இளங்கலை 2015இல்தான் தொடங்கியது. இலாப நோக்கமற்ற தனியார் பல்கலைக்கழகம் என்பது இதன் சட்டநிலை. இங்கே மாணவர் ஒரு முதன்மைப் பாடத்தைத் தேர்ந்தெடுத்து, அதனோடு எல்லாத் துறையினருக்கும் பொதுவான அடிப்படைப் பாடங்களையும், துறைகளுக்கு இடைப்பட்ட பாடங்களையும் பயில்கிறார். இயற்பியல் மாணவரும் இந்தியச் சமூகத்தைப் பற்றிய வகுப்பில் அமர்கிறார், வரலாற்று மாணவரும் எண்களைக் கையாளக் கற்கிறார். இதன் பொருளியலாளர்கள் 2018 முதல் வெளியிட்டுவரும் இந்திய உழைப்புச் சந்தை பற்றிய அறிக்கைகள் நாடெங்கும் நாளிதழ்களிலும் ஆய்வுகளிலும் எடுத்தாளப்படுகின்றன. அத்தகைய ஆய்வு நடக்கும் இடத்தில் இளங்கலை மாணவர் இருப்பதன் பயனைக் குறைத்து மதிப்பிடலாகாது.

நகரத்தின் நூலகங்களும் அரங்குகளும் அங்கிருந்து தொலைவில் இருக்கின்றன என்பது இதன் இழப்பு. வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் வாழ்க்கை, வேறு மாநிலத்தவரோடும் வேறு வசதிநிலையில் உள்ளவரோடும் ஒரே உணவுக்கூடத்தில் அமர்ந்து வாதிடும் வாய்ப்பைத் தருவது இதன் ஆதாயம். 1937இல் சென்னை நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கிறித்துவக் கல்லூரி, தன் விடுதிகளின் வழியாகவே தலைமுறைகளை உருவாக்கியது என்பதை நினைவில் கொண்டால், சர்ஜாபுரத்து ஏற்பாட்டின் நோக்கம் விளங்கும். துறைகளின் எல்லையைத் தாண்டிய அதன் மாணவருக்கு ஒரு சான்று: அங்கே இயற்பியல் படித்த ராஜா ராமண்ணா, அணு ஆற்றல் துறையை வழிநடத்திய காலத்திலும் பியானோவை விடாமல், பின்னாளில் இந்திய ராகங்களையும் மேற்கத்திய இசையையும் ஒப்பிட்டு நூல் எழுதியதோடு, ஜே.ஆர்.டி. டாட்டா 1988இல் பெங்களூரில் தோற்றுவித்த தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராகி, அறிவியலாளரையும் சமூகவியலாளரையும் ஒரே கூரையின் கீழ் சேர்த்தார்.

கட்டணம் என்ற கேள்வியைப் பெரும்பாலான குடும்பங்கள் தவறான இடத்தில் எழுப்புகின்றன. அறிவிக்கப்பட்ட கட்டணத்தை மட்டும் பார்த்து, தனியார் பல்கலைக்கழகம் என்றதும் பின்வாங்கிவிடும் பெற்றோர் பலர், அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டுக் கல்விக் கட்டணத்திலும் தங்கும் செலவிலும் பகுதியாகவோ முழுமையாகவோ உதவி வழங்குகிறது என்பதை அறியாமலேயே விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உதவியைக் கழித்த பிறகு குடும்பம் உண்மையில் செலுத்த வேண்டிய தொகை எவ்வளவு, நகரக் கல்லூரிக்கு நாள்தோறும் போய்வரும் செலவும் நேரமும் எவ்வளவு என்று இரண்டையும் எழுதிப் பார்த்தால்தான் ஒப்பீடு நேர்மையாக இருக்கும். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பகுதிகளில் அரசுப் பள்ளியில் படித்து, நன்றாகத் தேறியும் அருகிலுள்ள கல்லூரியோடு நின்றுவிடும் பிள்ளைகளுக்கு இச்செய்தி போய்ச் சேராதது வருந்தத்தக்கது. இத்தனைக்கும், சர்ஜாபுரத்தைக் கடந்து கிழக்கே போனால் சிறிது தொலைவில் தமிழ்நாட்டின் பாகலூர் வந்துவிடுகிறது.

படிப்பின் காலமும் இப்போது கணக்கில் சேர்ந்துவிட்டது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு இளங்கலையைப் பரிந்துரைக்க, அதை முதலில் நடைமுறைப்படுத்திய மாநிலமான கர்நாடகம் 2021-22இல் தொடங்கி, பின்னர் சுகதேவ் தோரட் தலைமையிலான மாநிலக் கல்விக் கொள்கை ஆணையத்தின் இடைக்கால அறிக்கையை ஏற்று, 2024 மே மாதத்தில் மூன்றாண்டுப் பட்டத்துக்கே திரும்பியது. நான்காம் ஆண்டு வீண் என்று சொல்வோரும் அதுவே எதிர்காலம் என்று சொல்வோரும் விவாதத்தை மிகைப்படுத்துகிறார்கள். நான்காண்டு முடித்தவர் முதுகலையை ஓராண்டில் முடிக்க வழியுண்டு. 75 விழுக்காடு மதிப்பெண் பெற்றவர் நேரடியாக முனைவர் பட்ட ஆய்வுக்கும் தகுதி பெறலாம். பதினாறு ஆண்டுக் கல்வியை எதிர்பார்க்கும் அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிப்பதும் எளிதாகும். ஆட்சிப்பணித் தேர்வுக்கோ, ஒரு வேலைக்கோ விரைவில் போக வேண்டிய நிலையில் உள்ளவருக்கு மூன்றாண்டே போதும். ஓராண்டு முன்னதாகச் சம்பாதிக்கத் தொடங்குவது சில வீடுகளில் எல்லா வாதங்களையும்விட வலுவானது. சேரும் ஆண்டின் சேர்க்கைக் குறிப்பேட்டில் காலமும் வெளியேறும் வாய்ப்பும் எப்படி எழுதப்பட்டுள்ளன என்பதை ஒருவர் தாமே படித்துவிட வேண்டும்.

தரவரிசைகளைப் பற்றி மிகச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 2016 முதல் வெளியாகும் தேசியத் தரவரிசைப் பட்டியல், கற்பித்தல் வளம், ஆய்வு, தேர்ச்சி, அனைவரையும் உள்ளடக்கும் தன்மை, பிறர் கொண்டுள்ள மதிப்பு ஆகியவற்றைக் கூட்டி ஒரே எண்ணாக்குகிறது. உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடுவதும் பெங்களூர் நாகரபாவியிலேயே தலைமையிடம் கொண்டதுமான நாக் அமைப்பின் தரச்சான்று, நிறுவனம் முறையாக இயங்குகிறதா என்பதைச் சொல்கிறது. ஆசிரியர் கட்டுரையைத் திருத்தித் தருகிறாரா என்பதை இவை எதுவும் சொல்வதில்லை.

அதை அறிவதற்கு வழி இருக்கிறது, அது கடினமானதும் அன்று. சேர்க்கைக்கு முன் இரண்டு வளாகங்களுக்கும் மாணவரே சென்று, இரண்டாமாண்டில் படிக்கும் ஒருவரிடம், சென்ற பருவத்தில் எத்தனை கட்டுரைகள் எழுதினீர்கள், அவை ஆசிரியரின் குறிப்புகளோடு திரும்பி வந்தனவா, முதலாண்டு வகுப்பை மூத்த பேராசிரியர் எடுக்கிறாரா அல்லது ஆண்டுக்கு ஆண்டு மாறும் கௌரவ விரிவுரையாளரிடம் அது விடப்பட்டிருக்கிறதா, வகுப்பில் எத்தனை பேர் அமர்கிறார்கள், நூலகம் இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கிறது என்று கேட்கலாம். பழைய வினாத்தாள்களைப் பார்த்தால், அங்கே நினைவாற்றல் சோதிக்கப்படுகிறதா, சிந்தனை சோதிக்கப்படுகிறதா என்பது அரைமணி நேரத்தில் புலப்பட்டுவிடும். ஆய்வகம் உள்ள பாடமானால், ஒரு கருவியின் முன் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். பெங்களூரின் பழைய கல்லூரிகள் சிலவற்றில் இரண்டாம் மொழிப் பாடமாகத் தமிழைத் தேர்ந்தெடுக்க இடமுண்டு. வீட்டில் மட்டுமே தமிழ் பேசி வளர்ந்த பிள்ளைக்குச் சங்கப் பாடல்களையும் நவீனச் சிறுகதையையும் முறையாகப் படிக்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு பெரும்பாலும் அதுவே என்பதால், அதையும் கேட்டறிய வேண்டும்.

இவை எல்லாவற்றையும் எடைபோட்டால் ஒரு தீர்ப்புக்கு வர முடியும். எந்தப் பாடம் தன்னுடையது என்று இன்னும் தெளிவடையாதவரும், நகரத்தையும் குடும்பத்தையும் விட்டு விலகாமல் படிக்க வேண்டியவரும், ஒரு பழைய நிறுவனத்தின் பரந்த முன்னாள் மாணவர் கூட்டத்தோடு இணைய விரும்புபவரும் செயின்ட் ஜோசப்ஸைத் தேர்ந்தெடுப்பது சரி. ஒரு பாடத்தின் மீது பற்று உறுதியாகிவிட்டவரும், வீட்டின் வருமானம் குறைவாக இருப்பதால் உயர்கல்வியே கைநழுவும் நிலையில் உள்ளவரும், பள்ளிக்கல்வி, ஊரக வளர்ச்சி, சுற்றுச்சூழல் போன்ற துறைகளில் வாழ்நாள் பணியைத் தேடுபவரும் சர்ஜாபுரத்துக்கு முதலிடம் தர வேண்டும். இரண்டு வகையிலும் சேராத மாணவர்களும் இருப்பார்கள். அவர்களுக்கு, நேரில் பார்த்த வகுப்புகளில் எதில் தாமே கை உயர்த்திக் கேள்வி கேட்கத் தோன்றியதோ அந்தக் கல்லூரியே ஏற்றது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள் எஞ்சியிருக்கிறது. சேர்க்கைக் கட்டணம் செலுத்தும் கடைசி நாள் நெருங்கும்போது, உறவினர் பிள்ளை எங்கே படிக்கிறார் என்பதும் அக்கம்பக்கத்தார் எதை மதிப்பார்கள் என்பதும் மேலோங்கி, முடிவு பெரியவர்களின் கைக்குப் போய்விடுவது பெங்களூர்த் தமிழ் வீடுகளிலும் சென்னை வீடுகளிலும் ஒன்றுபோலவே நிகழ்கிறது. செலவின் எல்லையைப் பெற்றோர் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டு, அந்த எல்லைக்குள் எந்தக் கல்லூரி என்ற முடிவை, மூன்றோ நான்கோ ஆண்டுகள் அங்கே உட்கார்ந்து படிக்கப்போகிற மகளிடமோ மகனிடமோ விட்டுவிட வேண்டும்.